ஓட்டியவர் பெயர்

எல் போர்டு அக்காவைத் தெரியாதவர் அந்தப் பகுதியில் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கூப்பிட ஆளில்லாமல் அது அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. சின்ன வெள்ளைக் கார், கூரைமேல் ஒரு முக்கோணப் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு எல், உள்ளே ஸ்டியரிங்கின் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்திருக்கும் ஏதோ ஒரு பெண், பக்கத்து இருக்கையில் அக்கா. பின்னால் வருகிறவன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தால் அக்கா கண்ணாடியை இறக்கி, பிறக்கும்போதே ஓட்டிக்கொண்டு வந்தாயா என்று விசாரித்த பிறகுதான் மேற்கொண்டு வகுப்பு நடக்கும்.

பல வருஷம் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டியவள் அவள். பெண்ணை நம்பி வேனைக் கொடுக்கலாமா என்று மேஸ்திரி தயங்கியபோது, ரொட்டியை நம்பிக் கொடுத்தால் போதும் என்றாளாம். கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்பவர்களுக்கு, ஆகி முடிந்துவிட்டது என்று பதில். பிறகு கடன் வாங்கி இந்தக் காரை எடுத்து, தன் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் பொருத்திக்கொண்டு, பெண்களுக்கு மட்டும் என்று பள்ளி தொடங்கினாள். பள்ளி என்றால் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை, ஒரு மேஜை, போக்குவரத்துக் குறிகள் ஒட்டிய ஒரு சுவர். மற்றதெல்லாம் அந்தக் கார்தான்.

முதல் நாள் சாவியைக் கண்ணில் காட்ட மாட்டாள். முதல் பாடம் இன்சூரன்ஸ். வண்டி ஓட்ட வந்தவர்களுக்கு அது கசக்கும், கொட்டாவி வரும். அவளா விடுகிறவள்? இரண்டு கையையும் நீட்டிக் காட்டுவாள். வலது கை கட்டாயம். அது இல்லாமல் வண்டி தெருவில் இறங்கவே கூடாது. உன் வண்டி போய் அடுத்தவர் காலை ஒடித்தாலோ, அடுத்தவர் சுவரை இடித்தாலோ, அவருக்குக் கிடைக்க வேண்டியது அந்தக் கையிலிருந்து போகும். உன் வண்டி நசுங்கிப்போய் நீ நடுரோட்டில் நின்றாலும் அந்தக் கையிலிருந்து உனக்குச் சல்லிக்காசு பெயராது. இடது கை உன் இஷ்டம். உன் சொந்த வண்டிக்கு வரும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம், கூட உட்கார்ந்திருப்பவருக்கு அடிபட்டால் வைத்தியம், வழியில் நின்றால் இழுத்துப்போக ஒரு வண்டி. வேண்டியதைச் சேர்த்துக்கொள், வேண்டாததை விடு, சேர்த்தால் பணம் கூடும். இரண்டு கைக்கும் நிபந்தனை உண்டு, அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் என்னிடம் படித்தேன் என்று வெளியில் சொல்லக் கூடாது. இவ்வளவும் ஆன பிறகுதான் கிளட்ச்.

அக்கா இடது கையில் இருக்கிற அத்தனையையும் எடுத்திருந்தாள். வீண் செலவு என்று எல்லோரும் சொன்னதால் கூடுதலாக இன்னும் ஒன்றைச் சேர்த்தாள். பாலிசி போட்டுக்கொடுத்தது அவளுடைய தம்பி. அக்கா மாதிரி ஒரு வாடிக்கையாளர் இருந்தால் போதும், ஏஜென்ட் பிழைத்துக்கொள்வான் என்று அவனே சொல்வான். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கிளெய்ம் என்று போய் நின்றதில்லை.

அவளுடைய கடைசிப் பாடம்தான் வேறெந்தப் பள்ளியிலும் இல்லாதது. முன்பு ஒருத்தி நன்றாகக் கற்றுக்கொண்டு, தேர்வில் பாஸாகி, சொந்தக் காரில் முதல் நாள் முதல் சந்திப்பிலேயே போய் முன்னால் நின்ற வண்டியில் இடித்தாள். பிரேக் தானாக அழுந்தும் என்று காத்திருந்தாளாம். இத்தனை நாளும் அழுத்தியது பக்கத்து இருக்கைக் கால் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கு அக்கா ஒரு முடிவெடுத்தாள். படிப்பு முடியும் சமயத்தில், ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து, தான் இறங்கிவிடுவது. உள்ளே அந்தப் பெண் மட்டும். கொஞ்ச தூரம்தான், ஆனால் அது முழுக்க அவள் ஓட்டியது. இறங்குகிற பாடம் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதைத் தாண்டி வந்தவள் யாரும் அதற்குப் பிறகு தெருவைப் பார்த்துப் பயந்ததில்லை. இந்த விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் அக்காவின் காதில் ஏறாது.

மருந்துக்கடை அம்மா வந்து சேர்ந்தபோது அவருக்கு அக்காவைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். கடைத்தெரு முனையில் இருக்கும் மருந்துக்கடை அவர் கணவருடையது. கணவருக்குக் கண் பார்வை மங்கி, டாக்டர் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கார் உறை போட்டு நின்றது. நான் கற்றுக்கொள்கிறேன் என்று அம்மா சொன்னதும் வீட்டில் சிரித்தார்களாம். உனக்கு இடது வலது தெரியாதே என்றார் கணவர். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றான் மகன். அம்மா மறுநாளே ஜெராக்ஸ் கடை மாடி ஏறினார்.

முதல் நாள் இன்சூரன்ஸ் பாடத்தில் கொட்டாவி விடாமல் கேட்ட ஒரே ஆள் அவர்தான். இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ அடுத்தவங்களுக்குன்னா கட்டாயம், எனக்குன்னா இஷ்டம். அப்படித்தானே டீச்சர்?"

ஆமாம் என்றாள் அக்கா.

"எங்க வீட்டுலயும் அதே சட்டம்தான்" என்றார் அம்மா.

அக்காவுக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போனது.

கற்றுக்கொள்வதில் அவர் வேகமில்லை, ஆனால் கற்றதை விடுவதில்லை. கியர் மாற்றும்போது வாய்க்குள் எண்ணுவார். திருப்பத்தில் எதிரே வருகிறவனுக்கு முதலில் வழிவிட்டுவிட்டு, பிறகு அவனுக்கு வணக்கமும் வைப்பார். வணக்கம் வைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கவே ஒரு வாரம் ஆயிற்று. ஆனாலும் இறங்குகிற பாடத்துக்கு அவர் தயார் என்று அக்கா நினைத்த நாள் வந்தது.

விடுமுறை நாள், கடைகள் அடைத்திருந்தன. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அகலமான சந்து, ஈ காக்கை இல்லை. குளியலறைச் சாமான் விற்கும் கடை ஒன்றின் பக்கவாட்டுக் கண்ணாடிச் சுவர் அந்தச் சந்தைப் பார்த்து இருந்தது. அக்கா இரண்டு பெயிண்ட் டப்பாக்களை வைத்து, நடுவில் ரிவர்ஸில் நிறுத்தச் சொன்னாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, ஓரமாகப் போய் நின்றாள்.

வண்டி ஊர்ந்தது. அழகாக வளைந்தது. அக்காவுக்குப் பெருமை பொங்கியது. அப்போது ஒரு டப்பா வண்டியின் பக்கக் கண்ணாடியில் பெரிதாகத் தெரிந்து அம்மாவைத் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். பிரேக்குக்குப் போக வேண்டிய கால் ஆக்ஸிலேட்டரில் விழுந்தது. விழுந்த கால் எழவில்லை. ஏனென்றால் இத்தனை நாள் பழக்கத்தில், இன்னொரு பிரேக் இதோ அழுந்தும் என்று அது காத்திருந்தது. அந்தப் பிரேக்கை அழுத்த வேண்டிய கால், சந்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, தரையை ஓங்கி ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தது. தான் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறோம் என்பது கடையின் கண்ணாடி உடைந்து விழுந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

கார் பாதி கடைக்குள் இருந்தது. காட்சிக்கு வைத்திருந்த வாஷ்பேசின் ஒன்று டிக்கியின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கம்மோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அம்மா மெதுவாகக் கதவைத் திறந்து வந்து, உள்ளே யாராவது இருந்தார்களா என்று கேட்டார். யாரும் இல்லை. அவருக்கும் அடியில்லை. அழவில்லை, நடுங்கவில்லை, வண்டியையும் கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலையில் தம்பி வந்து பாலிசியைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தான். பழகுகிறவர் ஓட்டினால் கற்றுக்கொடுப்பவர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அக்கா அதைப் படிக்காமல் இல்லை. அது ரோட்டுக்கு, சந்துக்கு இல்லை என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தாள். கம்பெனி அந்தத் தீர்ப்பை ஏற்காது என்றான் தம்பி. கடைக்காரருக்குச் சேர வேண்டியதைக் கம்பெனி கொடுத்துவிடும், ஏனென்றால் அது கட்டாயக் கை, இடிபட்டவரை அந்தரத்தில் விடமாட்டார்கள். ஆனால் நிபந்தனையை மீறியது நீ என்பதால் கொடுத்ததை உன்னிடமே திரும்பக் கேட்பார்கள். உன் வண்டியின் சேதத்துக்குக் கையை விரித்துவிடுவார்கள். இத்தனை வருஷம் இடது கையில் சேர்த்துச் சேர்த்துக் கட்டியதெல்லாம் காற்றோடு போச்சு.

வண்டியின் பின்பகுதி அடிவரை வளைந்திருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன செலவைக் கேட்டதும் அக்கா அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கார் வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை. கார் ஓடாவிட்டால் பள்ளி இல்லை, பள்ளி இல்லாவிட்டால் மறுபடியும் ஏதாவது ஒரு வேனைத் தேடி ஏதாவது ஒரு மேஸ்திரியின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

தம்பியிடம் வழி இருந்தது. நீயே ஓட்டினாய் என்று சொல்லிவிடு. உன்னிடம் உரிமம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, கால் தவறிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. இரண்டு கையும் கொடுக்கும். கடையின் கேமரா கல்லாவை மட்டும்தான் பார்க்கிறது, அதையும் அவன் விசாரித்துவிட்டு வந்திருந்தான். கடைக்காரருக்குத் தன் கண்ணாடி வந்தால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை.

அக்கா யோசித்தாள் என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. வருஷா வருஷம் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் ஒரே ஒரு தடவை கொடுக்க வேண்டும் என்றதும் இருக்கையை அளந்து பார்ப்பார்களா? சந்தில் ஒரு பூனைகூட இல்லை. இவர்களுக்கு உண்மை வேறு சொல்ல வேண்டுமா? சரி என்றாள்.

மருந்துக்கடைக்கும் செய்தி போயிற்று. அம்மாவின் கணவர் உடனே போன் செய்து நன்றி சொன்னார். அவருக்கு ஒரே சந்தோஷம். நல்லதாகப் போயிற்று, அவள் ஓட்டவே இல்லை என்று ஆகிவிட்டது, இனி இந்த ஆசையையும் மூட்டை கட்டி வைத்துவிடுவாள் என்றார். அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு நல்லதுதானே செய்கிறோம் என்று எல்லோரும் சேர்ந்து முடித்துவிட்டார்கள்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனியிலிருந்து சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். நாள் முழுக்க உடைந்த வண்டிகளைப் பார்த்துக் களைத்த மனிதர். கேள்விகளைக்கூடக் களைப்பாகத்தான் கேட்டார். எந்த இடம், எந்த வேளை, என்ன கியர்? தம்பி பக்கத்திலேயே நின்றான். ஓட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் அக்கா. சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

அப்போது மருந்துக்கடை அம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கடையில் இருந்தபடியே கிளம்பி வந்திருக்கிறார், கையில் மருந்து நெடி. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே சர்வேயரிடம் போனார்.

"சார், ஓட்டினது நான்."

தம்பி குறுக்கே புகுந்து, அம்மாவுக்குப் பதற்றம், வயதானவர், என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லை என்று சமாளித்தான். அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. என் வாயில் மண்ணைப் போட வந்தீர்களா என்று கேட்க நாக்கு துடித்தது. அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"என்னம்மா பண்றீங்க? வண்டி போயிடும். என் பொழப்பே போயிடும்."

"தெரியும் டீச்சர். ராத்திரியெல்லாம் அதைத்தான் நெனச்சேன். என்னால ஆனதை நான் செய்றேன். ஆனா நான் ஓட்டலைன்னு மட்டும் எழுத விடமாட்டேன்."

"எழுதினா உங்களுக்கென்ன குறைஞ்சிடும்?"

அம்மாவின் குரல் உயரவில்லை. "இத்தனை வயசுல அவர் ஓட்டினார், பையன் ஓட்டினான், ஆள் வச்சு ஓட்டினாங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்தச் சந்துல மட்டுந்தான் வண்டியில வேற யாரும் இல்ல. வளைச்சது நான். இடிச்சதும் நான். இப்போ அதையும் நீங்க எடுத்துக்கிட்டா நான் எதைத்தான் செஞ்சேன்?"

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. கணவர் போனில் சிரித்துக்கொண்டு சொன்னதைத்தான் இவளும் சர்வேயரிடம் சொல்லியிருக்கிறாள், அந்த அம்மா ஓட்டவே இல்லை என்று. ஒருத்தி முழுக்கத் தானே ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தானே கதவைத் திறந்து இறங்கினாள்? இறங்கியவள் இப்போது காகிதத்தில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, அந்த அம்மாவைக் கீழே தள்ளியிருக்கிறாள். கம்பெனி மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதற்கு இவரை விலையாகக் கொடுக்க முடியாது. வண்டி போனால் போகட்டும் என்று மனசு சொன்னது. சொன்னதும் வயிறு எரிந்தது. எரியட்டும் என்று திரும்பி நடந்தாள்.

"அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க சார்" என்றாள் சர்வேயரிடம். "ஓட்டினது இவங்க. நான் வண்டியில இல்ல. இறங்கி ஓரமா நின்னேன்."

சர்வேயர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். இப்படிச் சொன்னால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது, தெரியுமா என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"முதல் நாளே பாடம் நடத்துறவ நான். தெரியாம இருக்குமா? இறங்கினது தப்புன்னு எழுதிக்கோங்க, ஒத்துக்கறேன். இவங்களுக்கு ஓட்ட வரும்னு நம்பினதைத் தப்புன்னு எழுதாதீங்க, அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதற்கெல்லாம் இதில் இடமில்லை என்று சொல்லிவிட்டு அவர் எழுதியதை அடித்தார். ஓட்டியவர் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னார். சர்வேயர் கணவர் பெயரையும் கேட்டுச் சேர்த்து எழுதத் தொடங்கியதும், அவர் வண்டியில் இல்லையே என்று அம்மா நிறுத்தி, தன் பெயரை மட்டும் மறுபடியும் எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தம்பி திட்டிக்கொண்டே வந்தான். ஏஜென்டின் அக்காவே ஏஜென்டின் மூக்கை உடைத்தால் நாளைக்கு எவன் பாலிசி போடுவான்? இனிமேலாவது இறங்க மாட்டேன் என்று சொல் என்றான்.

"இறங்க மாட்டேன்" என்றாள் அக்கா. "பக்கத்து சீட்டுல ஆள் இருக்கணும்னுதானே போட்டிருக்கு? கடைசிப் பாடத்துக்கு அதே சந்துல, அந்தச் சீட்டுலயே சம்மணம் போட்டு உக்காந்துக்கறேன். கைப்பிரேக் என் கைக்கிட்டதானே இருக்கு? காலை எங்க வைக்கணும்னு உன் கம்பெனி ஒரு வரி எழுதியிருந்தா காட்டு, படிக்கிறேன்."

அவன் பாலிசியை எடுத்து அங்கேயே புரட்ட ஆரம்பித்தான்.

கம்பெனியின் பதில் அவன் சொன்னபடியே வந்தது. கடைக்காரருக்குக் கொடுத்தாயிற்று, அதை அக்கா தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும், வண்டியின் சேதத்துக்கு எதுவும் இல்லை. அக்கா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தாள். பணம் கேட்பதற்காகப் போகவில்லை. பழைய ரொட்டிக் கம்பெனியில் காலை நேரத்துக்கு ஓட்ட ஆள் தேடுகிறார்கள், வண்டி தயாராகும் வரை அங்கே போகப் போகிறாள், வகுப்பு தள்ளிப்போகும், தேர்வுத் தேதியை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லத்தான் போனாள். மறுபடியும் மேஸ்திரிகளின் முன்னால் நிற்பதை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் சொல்லி முடித்தாள்.

அம்மா கவுண்டருக்குப் பின்னால் தன் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். ஒர்க்‌ஷாப்பில் முதலில் எவ்வளவு கொடுத்தால் வேலையைத் தொடங்குவார்கள் என்று மட்டும் விசாரித்தார். பிறகு எழுந்துபோய்க் கல்லாவைத் திறந்தார். பக்கத்தில் தடித்த கண்ணாடியோடு மருந்துச் சீட்டு ஒன்றை மூக்கருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்த கணவருக்கு, கல்லா திறக்கும் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. கடைப் பணத்தில் கை வைக்கிறாயா என்றார். உன்னை மாட்டிவிடாமல் தப்பவைக்க உன் டீச்சரே சம்மதித்தாள், நீயாகப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாய், இப்போது தண்டமும் நான்தான் அழ வேண்டுமா என்றார்.

அம்மா நிதானமாக எடுத்து, எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டார்.

"இது கடைப் பணம் இல்லைங்க. என் சம்பளம். கல்யாணமான மறுவாரத்துலேருந்து இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். ஒரு மாசமாவது வாங்கியிருக்கேனா?"

கணவர், மகன் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான் என்பதுபோல் உள்பக்கம் பார்த்தார். அங்கே அட்டைப் பெட்டிகள்தான் இருந்தன.

"இத்தனை வருஷம் கேக்காம, இப்போ மட்டும் என்ன சம்பளம்?" என்றார் கடைசியில்.

அம்மா பணத்தை அக்காவின் கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கி மூடினார்.

"இடிச்சது நான். அப்போ கட்டுறதும் நான்தானே" என்றார்.